மாதச் சந்தாவா, படத்துக்குப் படம் வாடகையா: மலேசியாவின் பிறையிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

பிறைவாசி எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், மனைவி தாதி, மகளுக்கு 13 வயது, மகனுக்கு 6 வயது, அப்பாவுக்கு 74 வயது. படம் பார்ப்பதற்காக மூன்று இணையத் தளங்களுக்கு மாதச் சந்தா கட்டி வருகிறோம். கடன் அட்டைக் கணக்கறிக்கையில் வரி உட்பட முதல் தளத்துக்கு 49 வெள்ளி (ரிங்கிட்) 90 சென், இரண்டாவதற்கு 34 வெள்ளி 90 சென், தமிழ்ப் படங்களுக்கென்று எடுத்த மூன்றாவதற்கு 20 வெள்ளி என்று இருக்கிறது. மொத்தம் மாதத்துக்கு 104 வெள்ளி 80 சென், ஆண்டுக்கு 1,257 வெள்ளி 60 சென். இந்தக் கடைசி எண்ணை நான் இதுவரை ஒரு தடவைகூடப் பெருக்கிப் பார்த்ததில்லை. பெருக்கிப் பார்த்த இரவு, இதைவிடக் குறைந்த தொகைக்காகக் காரின் முன் சக்கரங்களை மாற்றாமல் மூன்று மாதம் தள்ளிப்போட்டது நினைவுக்கு வந்தது.

அதனால் ஒரு சோதனை செய்தேன். மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாள்காட்டி எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதன் ஆணியிலேயே ஒரு சிவப்புப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டு, யார் எந்தப் படத்தை இறுதிவரை பார்த்தாலும் அந்தத் தேதியில் முழு வட்டம், பாதியில் நிறுத்தினால் அரை வட்டம் போட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். மூன்று மாதம் முடிந்ததும் எண்ணினேன். முழு வட்டம் 11, அரை வட்டம் 17. அரை வட்டங்களில் பெரும்பாலானவை அப்பாவுடையவை. படத்தின் பெயர் போட்டு முடிவதற்குள் அவர் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார்.

மூன்று மாதத்தில் கட்டியது 314 வெள்ளி 40 சென். அதை 11 ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 28 வெள்ளி 58 சென் ஆகிறது. அந்தப் பணத்துக்குத் திரையரங்கிலேயே நல்ல இருக்கையில் அமர்ந்து பார்த்திருக்கலாமே என்று தோன்றுகிறது. மூன்றையும் நிறுத்திவிட்டு, வேண்டும்போது மட்டும் படத்துக்குப் படம் வாடகை கட்டிப் பார்ப்பது சரியாக வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்_கணக்கர் எழுதியது:

உங்கள் நாள்காட்டி முறையை மெச்சுகிறேன், ஆனால் வகுத்த விதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. மூன்று தளங்களின் கட்டணத்தையும் ஒன்றாகக் கூட்டி, மூன்றிலும் பார்த்த படங்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால், நல்ல மாட்டின் பால் வற்றிய மாட்டின் கணக்கை மறைத்துவிடும். ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கணக்குப் போடுங்கள். அடுத்து, தனியாகப் பார்த்த படமா, வீட்டோடு பார்த்த படமா என்பதையும் குறியுங்கள். திரையரங்குச் சீட்டு தலைக்கு ஒன்று, வீட்டுச் சந்தாவோ கூடத்துக்கு ஒன்று. ஐந்து பேர் சேர்ந்து பார்த்த ஒரு படத்தையும், நள்ளிரவில் நீங்கள் மட்டும் பார்த்த ஒரு படத்தையும் ஒரே வட்டமாக எண்ணினால் திரையரங்கோடு ஒப்பிடவே முடியாது.

நீங்கள் அறிக்கையைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி வந்தது, 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடாகியது. நம்மில் பலர் சந்தா எடுத்த காலத்து விலையையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். மாதக் கட்டணம் என்றாலே மனிதன் தான் பயன்படுத்தப் போகும் அளவைக் கூட்டித்தான் நினைக்கிறான். 2006இல் டெல்லாவிஞ்ஞா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கும் மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4 தடவை சொச்சம்தான் போயிருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே கூடத்தில் 10 வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர், அடுத்த மாதம் ஒழுங்காகப் போவோம் என்று நம்பியவர்கள். உங்கள் வீட்டு அரை வட்டங்களும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன், அப்பாவுடையவை நீங்கலாக.

பட்டர்வொர்த்_தம்பி எழுதியது:

அண்ணே, இவ்வளவு கணக்கு எதற்கு? இரவுச்சந்தையில் ஒரு பெட்டி விற்கிறார்கள், ஒரு தடவை காசு கொடுத்தால் எல்லாத் தளத்தின் படங்களும் அதில் வந்துவிடும் என்கிறார்கள். என் நண்பன் வீட்டில் இரண்டு ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நெறியாளர் எழுதியது:

தம்பி, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டுத்தனமாகப் படங்களை ஓடவிடும் கருவிகளை விற்பவர்களுக்கும் அத்தகைய சேவையைத் தருபவர்களுக்கும் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சந்தைக் கடைக்காரரின் தொலைபேசி எண்ணை யாரும் இங்கே பகிர வேண்டாம். எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை தொடரட்டும்.

நாடாக்கடை எழுதியது:

வாடகை என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தகப்பனார் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து செபராங் பிறையில் வீடியோ கடை வைத்திருந்தார். வாடகைக்கும் சந்தாவுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பள்ளி விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்த நாள்களிலேயே கண்டவன்.

கடையில் நாடாவுக்கு ஓர் இரவு வாடகை 2 வெள்ளி. வைப்புத்தொகை கட்டினால் உறுப்பினர் அட்டை கிடைக்கும். அட்டையில் ஒவ்வொரு நாடாவின் எண்ணையும் தேதியையும் தகப்பனார் நீல மையில் எழுதுவார், தாமதமானால் சிவப்பு மை. நாடாவைப் பின்னோக்கிச் சுற்றாமல் கொண்டுவந்தால் 50 சென் பிடிப்பார், அதற்காகவே கடையில் தனியாக ஒரு சுற்றும் கருவி இருந்தது. தோட்டங்களிலிருந்து வருபவர்கள் சனிக்கிழமை மாலை நாடாவை ஓட்டும் வீடியோ கருவியையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு நாடாக்களை ஒரே இரவில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பித் தருவார்கள். ஒரு வீட்டின் கருவி, நாற்பது பேரின் கண். செந்தூல் நண்பர் சொன்ன தலைக்கணக்கில் பார்த்தால் அதைவிட மலிவான சினிமாவை நம் மக்கள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வாடகையில் ஒரு நல்ல குணம் இருந்தது. கையை நீட்டி நாடாவை எடுக்கும்போதே, இன்று இதைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவாகிவிடும். எடுத்த நாடாவைப் பாதியில் நிறுத்தியவர்கள் மிகக் குறைவு, 2 வெள்ளி கொடுத்திருக்கிறோம் அல்லவா. கெட்ட குணம் தாமதக் கட்டணம். எங்களுக்கு வாடகையில் வந்த இலாபத்துக்குக் குறையாமல் சிவப்பு மையிலும் வந்தது என்பதை இப்போது வெட்கமின்றிச் சொல்லலாம், கடை மூடிப் பல ஆண்டாகிவிட்டது.

அந்தச் சிவப்பு மையை ஒழித்துத்தான் நெட்ஃபிளிக்ஸ் வளர்ந்தது. 1998இல் அது குறுந்தட்டுகளை அஞ்சலில் அனுப்பும் கடையாகத் தொடங்கியது, 1999இல் மாதச் சந்தாவுக்கு மாறியது. தட்டை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், திருப்பி அனுப்பினால்தான் அடுத்தது வரும். இங்கேதான் சந்தாவின் உள்சங்கதி இருக்கிறது. ஒருவர் மாதத்துக்கு இரண்டு தட்டு எடுத்தாலும் இருபது தட்டு எடுத்தாலும் கட்டணம் ஒன்றே, ஆனால் அஞ்சல் செலவு நிறுவனத்தின் தலையில். நிறையப் பார்ப்பவர்களுக்குத் தட்டுகளைத் தாமதமாக அனுப்புகிறார்கள் என்று 2004இல் கலிபோர்னியாவில் ஒரு வாடிக்கையாளர் வழக்குத் தொடர்ந்தார், மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. குறைவாக எடுப்பவர்களுக்கு முன்னுரிமை தரக்கூடும் என்பதை அந்நிறுவனம் தன் விதிமுறைகளில் எழுதியே வைத்தது. என் தகப்பனாருக்கு அடிக்கடி வருபவர் நல்ல வாடிக்கையாளர். சந்தா விற்பவருக்கு வராமலே காசு கட்டுபவர்தான் நல்ல வாடிக்கையாளர்.

இதை மறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் மூவிபாஸ் என்ற நிறுவனம் 2017 ஆகஸ்டில் மாதம் 9 டாலர் 95 சென்ட்டுக்கு நாளுக்கு ஒரு படம் திரையரங்கில் பார்க்கலாம் என்று அறிவித்தது. 30 இலட்சம் பேர் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் மெய்யாகவே திரையரங்குக்குப் போனார்கள். 2019 செப்டம்பரில் சேவை மூடப்பட்டது.

ஆகவே பிறைவாசி ஐயா, சந்தா இலாபமா நட்டமா என்பதை அதன் விலையை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் வருகிற வாடிக்கையாளரா, வராத வாடிக்கையாளரா என்பதை முதலில் பாருங்கள்.

ஆயர்ஈத்தாம்_அக்கா எழுதியது:

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேறொரு கோணத்தில் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்த படங்களை எண்ணுகிறீர்கள். நான் சந்தா எடுக்கும் முன்பே, பார்க்க விரும்பும் படங்களை எண்ணினேன்.

வீட்டில் அம்மாவும் நானும்தான். ஒரு பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தில், இருவரும் உட்கார்ந்து இருபது படங்களின் பெயரை எழுதினோம். பன்னிரண்டு அம்மாவின் விருப்பம், அதாவது கறுப்பு வெள்ளைப் படங்கள், எட்டு என் விருப்பம். பிறகு ஒவ்வொரு பெயரையும் திறன்பேசியில் தேடி, எந்தத் தளத்தில் இருக்கிறது என்று எதிரே குறித்தோம். இதற்கு ஒரு பிற்பகல் பிடித்தது. முடிவு இதுதான்: நான் எடுக்க நினைத்திருந்த தளத்தில் இருபதில் மூன்று. உரிமையாளர்களே யூடியூப்பில் இலவசமாக ஏற்றி வைத்திருந்தவை ஒன்பது, அவற்றில் எட்டு அம்மாவுடையவை. மிச்சம் எட்டும் எங்கும் அகப்படவில்லை.

அகப்படாதவற்றில் இரண்டு, அதே தளத்தில் சென்னையில் இருக்கும் என் சிற்றன்னை மகளுக்குத் தெரிகின்றன, எனக்குத் தெரியவில்லை. ஒளிபரப்பு உரிமையை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கிறார்கள் என்பதால் ஒரே பெயருள்ள தளத்தில் அங்கே ஒரு பட்டியல், இங்கே ஒரு பட்டியல். தமிழ்நாட்டு நாளிதழில், இந்த வாரம் இந்தத் தளத்தில் வெளியாகிறது என்று படித்துவிட்டு இங்கே சந்தா எடுத்து ஏமாந்தவர்கள் என் தோழியரிலேயே மூவர் உண்டு. இங்குள்ள பட்டியலை இங்கிருந்து தேடிப் பார்த்த பிறகே அட்டை எண்ணைக் கொடுங்கள்.

மூன்று படத்துக்காக நான் சந்தா எடுக்கவில்லை. வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். யூடியூப்பிலும் ஆப்பிளிலும் வாடகைப் படத்தைத் தொடங்குவதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்தை மூன்று இரவாகப் பார்க்கும் எங்கள் அம்மாவுக்கு அது பொருந்தவில்லை. முதல் படத்தின் கடைசி நாற்பது நிமிடத்தை நான்தான் அவருக்குக் கதையாகச் சொன்னேன். தமிழில் வாடகைக்குக் கிடைக்கும் படங்களும் ஆங்கிலத்தில் உள்ள அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்துக்குப் படம் வாடகை என்பது பிறைவாசி நினைப்பது போல் முழு மாற்றாக அமையாது.

பிறைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செந்தூல் நண்பர் சொன்னபடி நாள்காட்டியின் தாள்களைத் திருப்பி, மகளை உட்கார வைத்துக்கொண்டு பிரித்தேன்.

முதல் தளத்தில் மூன்று மாதத்தில் 6 படங்கள், கட்டியது 149 வெள்ளி 70 சென், படத்துக்கு 24 வெள்ளி 95 சென். தமிழ்த் தளத்தில் 4 படங்கள், கட்டியது 60 வெள்ளி, படத்துக்கு 15 வெள்ளி. அந்த நான்கையும் ஐந்து பேரும் சேர்ந்து பார்த்தோம், ஆகையால் தலைக்கு 3 வெள்ளி. இரண்டாவது தளத்தில் ஒரே ஒரு படம். அதற்கு 104 வெள்ளி 70 சென். அந்தப் படத்தையும் நான் சலவைத் துணி மடித்துக்கொண்டேதான் பார்த்தேன்.

இதை இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்து, இரண்டாவதை நிறுத்தப் போகிறேன் என்றேன். மகன் கையிலிருந்த தோசையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். அவன் பார்க்கும் கேலிச்சித்திரத் தொடர் அங்கேதான் இருக்கிறது. ஒரே அத்தியாயத்தை நாளுக்கு இரண்டு தடவை பார்ப்பான். படம் என்று மட்டும் விதி போட்டதால் அவன் பார்த்தது எதுவும் நாள்காட்டியில் ஏறவில்லை. மனைவி சிரித்துக்கொண்டே, பேனாவைக் கட்டிய உயரம் அவனுக்கு எட்டாது என்றார். இப்போது எனக்குக் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை ஒரே அத்தியாயத்தை முப்பது தடவை பார்ப்பதை எப்படி எண்ணுவது?

ஆயர்ஈத்தாம்_அக்கா எழுதியது:

முப்பதாகவே எண்ணுங்கள். அந்த வயதில் திரும்பத் திரும்பக் கேட்பதும் பார்ப்பதும்தான் இன்பம், நான் வகுப்பில் ஒரே கதையை ஆண்டு முழுதும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஓர் அத்தியாயத்துக்காக மாதம் 34 வெள்ளி 90 சென் என்பது அதிகம்தான்.

நிபோங்திபால்காரன் எழுதியது:

எங்கள் பகுதிக்கு இழைவழி இணையம் இன்னும் வரவில்லை, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதி வீடுகள் கைத்தொலைபேசித் தரவில்தான் ஓடுகின்றன. ஆகவே சந்தாக் கட்டணத்தோடு தரவையும் கூட்டினால்தான் எனக்குக் கணக்கு முடியும். நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் தந்திருக்கும் அளவு: சாதாரணத் தெளிவில் மணிக்கு 1 ஜிகாபைட் வரை, உயர்தெளிவில் 3 ஜிகாபைட் வரை, 4கே தெளிவில் 7 ஜிகாபைட் வரை. நம் படங்கள் இரண்டரை மணி நேரம் ஓடுபவை. உயர்தெளிவில் ஒரு படம் ஏழரை ஜிகாபைட். என் மாதத் தரவு 25 ஜிகாபைட், மூன்று படம் முடிந்து நான்காவதன் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். பிறகு வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம்கூடத் திறக்காது, அது ஒரு வகையில் நிம்மதி.

2019இல் கைத்தொலைபேசிக்கு மட்டுமான 17 வெள்ளித் திட்டத்தை அவர்கள் இங்கே அறிமுகப்படுத்தியபோது, சிறிய திரை, குறைந்த தெளிவு என்று பலர் ஏளனமாகப் பேசினார்கள். எனக்கு அதுதான் பொருந்தியது. பெரிய தொலைக்காட்சி வைத்திருப்பதால் 4கே திட்டம் எடுத்து, வீட்டில் அதற்கேற்ற இணைய வேகம் இல்லாமல் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன். 4கேக்கு வினாடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். உங்கள் இணைப்பு அதைத் தாங்காவிட்டால், அந்தத் திட்டத்துக்குக் கட்டும் கூடுதல் பணத்தில் நீங்கள் வாங்குவது ஒரு பெயரை மட்டுமே.

இரவுப்பணி_பாயான்லெப்பாஸ் எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது. நான் மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர இரவு வேலை பார்க்கும் பெண். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு குவளை மைலோவோடு உட்காரும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்தத் திரையரங்கும் எனக்காகத் திறந்திருக்காது. எனக்கு வேண்டியது நான் உட்காரும்போது ஓடத் தயாராக இருக்கும் ஒரு படம். அதை நான் முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாதியில் தூக்கம் வந்தால் அதுவும் அந்தப் பணத்துக்குக் கிடைத்த பயன்தான். உங்கள் அப்பாவின் அரை வட்டங்களை நட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள், பிறைவாசி அண்ணே. அவருக்கு அது தாலாட்டு.

திரையரங்கோடு ஒப்பிடுபவர்கள் சீட்டு விலையை மட்டும் எழுதுகிறீர்கள். பினாங்குத் தீவுக்கு வந்து பார்ப்பதென்றால் காருக்குப் பாலக் கட்டணம் 5 வெள்ளி 74 சென், கார் நிறுத்தம், சோளப்பொரி, படம் முடிந்து நாசி கண்டார் சோறு என்று ஐந்து பேருக்கு எங்கே போய் நிற்கும்? ஒரு மாலையில் உங்கள் ஒன்றரை மாதச் சந்தா போய்விடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நானும் ஏமாந்தேன். ஒரு தளத்தை (பெயர் வேண்டாம்) எனக்கு வேண்டாம் என்று கைத்தொலைபேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டேன், சந்தா நின்றுவிட்டது என்றே நினைத்தேன். ஏழு மாதம் கழித்து அட்டையின் கணக்கறிக்கையைப் பார்த்தபோது, ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி பணம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. செயலியை அழிப்பது வேறு, சந்தாவை இரத்து செய்வது வேறு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டதற்கு, நீங்கள் பார்க்காதது எங்கள் தவறில்லை என்று மிகவும் பணிவான சொற்களில் பதில் எழுதினார்கள்.

செந்தூல்_கணக்கர் எழுதியது:

தங்கையின் பதிலை ஒப்புக்கொள்கிறேன். நாள் தவறாமல் ஒன்றரை மணி நேரம் பார்ப்பவருக்குச் சந்தாவை விட மலிவானது எதுவும் இல்லை. மாதத்தில் இருபது வேலை நாள் என்றால் முப்பது மணி நேரம், 49 வெள்ளி 90 சென் கட்டினாலும் மணிக்கு 1 வெள்ளி 66 சென்தான். நாடாக்கடை ஐயாவின் மொழியில் சொன்னால் அவர் வருகிற வாடிக்கையாளர். பாலக் கட்டணத்தில் மட்டும் ஒரு திருத்தம்: பிறைவாசி பெருநிலத்தில் இருக்கிறார், செபராங் ஜெயாவில் பேரங்காடித் திரையரங்கு இருக்கிறது, அவர் பாலம் ஏறத் தேவையில்லை.

பட்டர்வொர்த்_தம்பி எழுதியது:

நெறியாளர் ஐயா மன்னிக்க வேண்டும், பெட்டியைப் பற்றி இனிப் பேச மாட்டேன். கல்லூரி விடுதியில் நாங்கள் நால்வர் செய்யும் முறை வேறொன்று இருக்கிறது, அது சட்டப்படியானதுதான். ஒரே நேரத்தில் ஒரு தளம் மட்டும். இந்த மாதம் இது, அடுத்த மாதம் அது. எடுத்த அன்றே இரத்தும் செய்துவிடுவோம். கட்டிய மாதம் முடியும் வரை படம் ஓடும், அடுத்த மாதப் பணம் தானாகப் போகாது. நெட்ஃபிளிக்ஸில் பத்து மாதத்துக்குள் திரும்பிச் சேர்ந்தால் பழைய பார்வைப் பட்டியல் அப்படியே இருக்கும், எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

இதனால் இன்னொரு நன்மை. புதிய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் திரையரங்குக்கு வந்து நான்கு வாரத்துக்குப் பிறகுதான் தளங்களுக்கு வருகின்றன. உடனே பார்க்க வேண்டியதைத் திரையரங்கில் பார்த்துவிட்டு, மற்றவை ஒரு தளத்தில் நான்கைந்து சேரும் வரை காத்திருந்து அந்த மாதம் மட்டும் எடுத்தால் எண்ணிக்கை தானாகக் கூடிவிடும். காத்திருக்கும்போது முகநூலில் கதையைச் சொல்லிவிடுகிறார்கள் என்பது மட்டும்தான் துன்பம்.

நாடாக்கடை எழுதியது:

தம்பி சொல்வது மீண்டும் வாடகைதான், நாடாவுக்குப் பதிலாகக் கடையையே ஒரு மாதம் வாடகைக்கு எடுக்கிறார். இன்னொரு வழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை என் தகப்பனார் கடைக்கு வருபவர்கள், என்ன எடுப்பது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வருவார்கள். ஆயர் ஈத்தாம் அக்காவின் தேர்வுத்தாள் அந்த வேலையைத்தான் செய்கிறது. இப்போது நாம் தளத்தைத் திறந்த பிறகே பேசத் தொடங்குகிறோம். என் வீட்டில் ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், படத்தைத் தேர்ந்தெடுக்க முப்பத்தெட்டு நிமிடம். பிறகு எல்லோரும் படுக்கப் போய்விட்டோம்.

பிறைவாசி எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், முடிவைச் சொல்லாமல் விட்டால் முறையாக இருக்காது.

இரண்டாவது தளத்தை இரத்து செய்தேன், செயலியை மட்டும் அழிக்காமல், கணக்குப் பக்கத்துக்குள் போய், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும் வரை காத்திருந்து. மகனுக்கு அந்தத் தளத்தைப் பள்ளி விடுமுறை மாதங்களில் மட்டும் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள் அரசு ஒளிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மின் இலவசச் செயலியில் வேறொரு கேலிச்சித்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டான், மலாயில் ஓடுகிறது, பள்ளிக்கும் உதவும் என்று மனைவி விட்டுவிட்டார்.

முதல் தளத்தைத் தம்பி சொன்னபடி ஒரு மாதம் எடுத்து ஒரு மாதம் விடுகிறேன். தமிழ்த் தளத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பேரும் ஒன்றாக உட்காரும் ஒரே நேரம் அதனால்தான் கிடைக்கிறது, தலைக்கு 3 வெள்ளி என்ற கணக்கு வந்த பிறகு அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆண்டு முழுதும் இப்படியே போனால் முதல் தளத்துக்கு ஆறு மாதத்துக்கு 299 வெள்ளி 40 சென், தமிழ்த் தளத்துக்கு 240 வெள்ளி, விடுமுறையில் இரண்டாவது தளத்துக்கு மூன்று மாதத்துக்கு 104 வெள்ளி 70 சென். கூட்டினால் 644 வெள்ளி 10 சென். பழைய தொகையில் ஏறக்குறைய பாதி. காரின் சக்கரங்களை மாற்றிவிட்டேன்.

நாள்காட்டியில் பேனாவைக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறேன். இந்த ஆறு வாரத்தில் முழு வட்டம் 9. அவற்றில் ஒன்று, அக்கா சொன்னபடி யூடியூப்பில் இலவசமாகப் போட்டுக் கொடுத்த ஒரு பழைய படத்துக்கு அப்பாவே எழுந்து வந்து போட்டது. நடுவில் விளம்பரம் வரும்போதெல்லாம் சத்தத்தில் விழித்துக்கொண்டுவிடுகிறார்.

ஆயர்ஈத்தாம்_அக்கா எழுதியது:

அந்தப் படத்தின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அம்மாவின் பட்டியலில் அகப்படாத எட்டில் ஒன்றாக இருக்கலாம்.